வேட்டைக்கு எல்லை போடுவது எப்படி: நாளைக் குறைப்பதா, பையைக் குறைப்பதா, டேக் கொடுப்பதா?

வேட்டையே கூடாது என்று சொல்பவர்களோடு இங்கே வாதாடப் போவதில்லை, அது தனிச் சண்டை. இந்தக் கட்டுரையின் கேள்வி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஓரிடத்தில் மானையோ வாத்தையோ வேட்டையாடலாம் என்று சட்டம் அனுமதித்துவிட்டது. சரி, அப்புறம்? எத்தனை நாள் விடுவது, ஒருவர் எத்தனை சுடலாம், ஆணையா பெட்டையையா, யாருக்கு வாய்ப்பு, இதையெல்லாம் எந்த விதியை வைத்துக் கட்டுப்படுத்துவது? நாட்டுக்கு நாடு வழி வேறு. அந்த வழிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: பேச்சில் அதிகம் அடிபடும் விதியான பேக் லிமிட், அதாவது ஒரு நாளைக்கு ஒருவரின் பையில் இத்தனை என்ற வரம்பு, விலங்கைக் காப்பாற்றுவதில் நாம் நினைப்பதைவிடப் பலவீனமானது. அது வேட்டைக்காரர்களுக்குள் பங்கு பிரிக்கிற விதி. விலங்கின் தலையெழுத்தை முடிவு செய்வது பெரும்பாலும் மற்ற மூன்றுதான்: எந்த நாட்கள், மொத்தம் எத்தனை, எந்த வகை விலங்கு.

முதலில் எளியதைப் பார்த்துவிடலாம்.

பருவம் என்பது தேதிக் கணக்கு. இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை சுடலாம், மற்ற நாளில் தொடக்கூடாது. பிரிட்டனில் குரௌஸ் பறவைக்கு ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை, ஃபெசன்ட்டுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. 1831ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேதிகள் இன்றும் அப்படியே ஓடுகின்றன. நீலகிரியின் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் 1879இலேயே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இத்தனை பழைய கருவி இன்னும் பிழைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமலாக்குவது சுலபம். தடைக்காலத்தில் காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அதுவே குற்றத்துக்குச் சாட்சி, எத்தனை சுட்டார் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தேதியைச் சரியாக வைத்தால் உயிரியல் லாபமும் உண்டு. இங்கிலாந்தில் ரோ மானை எடுத்துக்கொள்ளுங்கள். கிடாவுக்கு ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, பெட்டைக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, ஒரே இனத்துக்கு இரண்டு காலண்டர். குட்டிகள் மே, ஜூன் மாதங்களில் பிறக்கின்றன. ஜூலையில் தாயைச் சுட்டால் சாவது ஒன்றல்ல, புதரில் ஒளிந்திருக்கும் குட்டியும் பசியில் சாகும், அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் ஏறாது. நவம்பருக்குள் குட்டி தானாக மேயக் கற்றிருக்கும். ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் இதையே பொது விதியாக எழுதி வைத்திருக்கிறது: குஞ்சோ குட்டியோ தானாகப் பிழைக்கும்வரை அதை வளர்க்கத் தேவையான தாய் தந்தையைச் சுடக்கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து 2018இல் காட்டுப்பன்றிக்கான தடைக்காலத்தை அவர்கள் எடுத்தபோதும் குட்டி போட்ட தாய்ப்பன்றிக்கான இந்தப் பாதுகாப்பு கூடவே நின்றது. பறவைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1979இல் கொண்டுவந்த பறவைகள் ஆணை இரண்டு காலங்களில் வேட்டையைத் தடுக்கிறது. ஒன்று குஞ்சு பொரித்து வளர்க்கும் காலம். மற்றொன்று வலசைப் பறவைகள் கூடு கட்டும் இடத்துக்குத் திரும்பி வரும் வசந்தகாலப் பயணம். இரண்டாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் சுடப்படும் பத்துப் பறவைகளில் பல எப்படியும் அடுத்த வசந்தத்தைப் பார்த்திருக்காது. வசந்தத்தில் திரும்பி வருபவை குளிர்காலம் முழுவதையும் தாண்டி வந்தவை, முட்டையிடப் போகிறவை. அங்கே ஒன்றைச் சுடுவதன் விலை வேறு.

ஆனால் பருவத்துக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது எப்போது என்று சொல்கிறது, எத்தனை என்று சொல்வதில்லை. அறுபது நாளை முப்பதாகக் குறைத்தால் வேட்டை பாதியாகிவிடும் என்று காகிதத்தில் தோன்றும். நடப்பதோ வேறு: மக்கள் லீவு போட்டு அந்த முப்பது நாளுக்குள் வந்து குவிகிறார்கள். முதல் வார இறுதியிலேயே பெரும்பங்கு சுட்டு முடிந்துவிடும், பின்னால் வெட்டப்பட்ட நாட்கள் ஏற்கனவே மந்தமாக இருந்த நாட்கள். எனவே பருவத்தின் நீளத்தைவிட அது எங்கே தொடங்குகிறது என்பதே முக்கியம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எண்ணிக்கை விழுந்த வருடத்தில் அதிகாரிகள் முதலில் கை வைப்பது பருவத்தின் கடைசி வாரத்தில்தான். எதிர்ப்பு குறைவாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது பேக் லிமிட். இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பருவம் முழுவதும் ஆயிரம் முறை ஆட்கள் வந்து போகிறார்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து வாத்து வரம்பு. ஐந்நூறு முறை வெறுங்கையோடு திரும்புகிறார்கள் (வேட்டை என்பது பெரும்பாலும் இதுதான்). இருநூறு முறை ஒரு வாத்து, நூற்றைம்பது முறை இரண்டு, எண்பது முறை மூன்று, நாற்பது முறை நான்கு, முப்பது முறை மட்டும் ஐந்தும் நிறைகிறது. மொத்தம் 1,050 வாத்து. இப்போது வரம்பை ஐந்திலிருந்து நான்காக்குங்கள். தப்பிப்பவை முப்பது வாத்து, மூன்று விழுக்காடுகூட இல்லை. இரண்டாகக் குறையுங்கள், செய்தித்தாளில் 60 விழுக்காடு வெட்டு என்று தலைப்பு வரும், வேட்டைக்காரர்கள் கொதிப்பார்கள். தப்பிப்பவை 250, அதாவது நாலில் ஒரு பங்கு. எண்கள் என் கற்பனை, வடிவம் கற்பனை இல்லை. பெரும்பாலான ஆட்கள் பெரும்பாலான நாட்களில் வரம்பைத் தொடுவதே இல்லை, ஆகவே வரம்பைக் குறைத்தால் அடிபடுவது திறமையான சிலர் மட்டும். அதோடு இன்னொன்று: தலைக்கு வரம்பு போட்டீர்கள், தலைகளுக்கு வரம்பு போடவில்லை. அடுத்த வருடம் ஆயிரத்து ஐந்நூறு முறை ஆள் வந்தால் உங்கள் வெட்டு மொத்தமும் போச்சு.

அப்படியானால் பேக் லிமிட் வீணா? இல்லை. அது இல்லாத காலம் எப்படி இருந்தது என்று வட அமெரிக்கா பார்த்திருக்கிறது. சந்தைக்காகச் சுட்ட காலத்தில் பயணிப் புறா என்ற இனமே போய்விட்டது, கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற விதி வந்ததும் மூட்டை மூட்டையாகச் சுட்டு விற்கும் தொழிலின் கணக்கு கட்டுப்படியாகாமல் போகிறது, அதுதான் அதன் உண்மையான சாதனை. இன்னொரு பயன், நியாயம். அதிகாலையில் வந்த நாலு பேர் ஏரியைக் காலி செய்துவிட்டு, எட்டு மணிக்கு வருபவருக்கு இறகை மட்டும் விட்டுப்போகாமல் இருக்க ஏதாவது வேண்டும். பிரிட்டனில் குரௌஸுக்கும் ஃபெசன்ட்டுக்கும் சட்டப்படியான தினசரி வரம்பு கிடையாது. அங்கே வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது, நிலத்துக்காரரே கணக்குப் பார்த்துக்கொள்கிறார், பங்கு பிரிக்க வேண்டிய பொதுக் கூட்டம் இல்லை. எங்கே விலங்கு பொதுச் சொத்தோ அங்கேதான் பேக் லிமிட்டுக்கு வேலை அதிகம் என்பது இதிலிருந்தே புரியும்.

கூடவே வரும் ஒரு சின்ன விதியையும் சொல்லிவிடுகிறேன்: கைவசம் வைத்திருக்கும் வரம்பு. பல நாள் முகாமிடும் ஆள் வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது அது. அமெரிக்காவில் வாத்துக்கு இப்போது தினசரி வரம்பின் மூன்று மடங்கு. புதிதாக வருபவர்கள் இந்த விதியில் சுலபமாகச் சிக்கிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் ஒழுங்காகச் சுட்டிருந்தாலும் நாலாம் நாள் ஐஸ் பெட்டி தப்பான கணக்குக் காட்டும்.

பேக் லிமிட்டை எவ்வளவு தூரம் புத்திசாலித்தனமாக ஆக்கலாம் என்பதற்கு ஒரு சோதனையும் நடந்திருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாத்துக்குப் புள்ளி முறை இருந்தது. அருகிவரும் இனத்துக்கும் மல்லார்ட் என்ற வாத்தின் பெட்டைக்கும் அதிகப் புள்ளி, தாராளமாக இருக்கும் இனத்துக்குக் குறைந்த புள்ளி, கூட்டுத்தொகை நூறைத் தொட்டதும் அல்லது தாண்டியதும் அன்றைய வேட்டை முடிந்தது. கேட்க எவ்வளவு அழகு! எதைச் சுடுவது என்று ஆளே யோசித்துச் சுடுவார். ஆனால் நூறு புள்ளிப் பறவை ஒன்று முதலில் விழுந்தால் அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும், அதே பறவை கடைசியாக விழுந்தால் அதற்கு முன் சுட்டதெல்லாம் சட்டப்படி சரி. எது முதலில் விழுந்தது என்று செத்த வாத்தைக் கேட்க முடியாது. வரிசையை மாற்றிச் சொல்வது சாதாரணமாகிவிட்டது, 1990களில் முறையைக் கைவிட்டார்கள். ஒரு விதியை மீறினால் தடயம் மிஞ்சுமா என்று முதலிலேயே கேட்காமல் எழுதினால் இதுதான் நடக்கும். இப்போது அவர்கள் எளிமையாக வைத்திருக்கிறார்கள்: மொத்தம் ஆறு அல்லது ஏழு வாத்து, அதில் பெட்டை மல்லார்ட் இரண்டுக்கு மேல் கூடாது. பையைத் திறந்தால் தெரிந்துவிடும்.

நாளையும் பையையும் சேர்த்துக் கட்டிய நல்ல ஏற்பாடும் அந்த வாத்துகளுக்குத்தான் இருக்கிறது. கனடாவின் சார்பில் கையெழுத்திட்ட பிரிட்டனோடு அமெரிக்கா 1916இல் செய்த உடன்படிக்கை பருவம் மூன்றரை மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது, அதனால்தான் 107 நாள் என்ற விநோத எண் இன்றும் வருகிறது. 1935இல் வறட்சியால் வாத்து எண்ணிக்கை சரிந்தபோது பருவத்தை 30 நாளாக்கி, வரம்பைப் பத்தாக்கி, தானியம் தூவி வரவழைப்பதையும் உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து ஏமாற்றுவதையும் தடை செய்து, துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இதில் கடைசி மூன்றை யாரும் வரம்பு என்று சொல்வதில்லை, ஆனால் ஒரு நாளில் ஒருவர் எத்தனை சுட முடியும் என்பதை அவையும் மாற்றின. 1995இலிருந்து மல்லார்டுக்கு வேறு வகை முறை. ஒவ்வொரு வருடமும் பறவைகளின் எண்ணிக்கையையும் கூடு கட்டும் புல்வெளிகளில் உள்ள குட்டைகளையும் எண்ணுகிறார்கள். அந்த எண்களைப் பொறுத்து முன்பே எழுதிவைத்த தொகுப்புகளில் ஒன்று அமலாகும். மிசிசிப்பி வலசைப் பாதையில் தாராளம் என்றால் 60 நாள், ஆறு வாத்து. நடுத்தரம் என்றால் 45 நாள், அப்போதும் ஆறு வாத்துதான். கட்டுப்பாடு என்றால் 30 நாள், மூன்று வாத்து. கவனித்தீர்களா, முதல் படியில் இறங்கும்போது அவர்கள் பையைத் தொடவில்லை, நாளைத்தான் குறைக்கிறார்கள். நாள் குறைப்பு முழுப் பலன் தராது என்று மேலே சொன்னேன், ஆனாலும் பை குறைப்பதைவிட அது மேல் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை, சண்டை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. எண் வந்தபின் யார் யாருக்கு போன் செய்தாலும் தொகுப்பு மாறாது. எண்ணுவதற்குப் பணமும் விமானமும் ஆளும் வேண்டும், அது இல்லாத நாடு இதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

அடுத்து மொத்த ஒதுக்கீடு, கோட்டா. இதில் இரண்டு வகை இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும், நடைமுறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு வகை பொதுக் கோட்டா. மொத்தம் நூறு சுடலாம், லைசென்ஸ் வாங்கிய எல்லோரும் இறங்குங்கள், நூறு ஆனதும் நிறுத்திவிடுவோம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2021 பிப்ரவரியில் ஓநாய் வேட்டையை இப்படித்தான் திறந்தார்கள். மொத்தக் கோட்டா 200, அதில் 81 ஒஜிப்வே பழங்குடியினருக்கு ஒதுக்கியது, மீதி 119 மாநில லைசென்ஸ்காரர்களுக்கு. ஒரு ஓநாய்க்கு இருபது பர்மிட் என்ற விகிதத்தில் விற்க முடிவெடுத்தார்கள், 1,500க்கு மேல் போனது. சுட்டவர் தகவல் சொல்ல 24 மணி நேரம், பருவத்தை மூடுவதாக அறிவித்தபின் அது அமலுக்கு வரவும் 24 மணி நேரம். விளைவு, மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள். பனியில் தடம் தெளிவாகத் தெரிந்தது, நாய்களை வைத்து விரட்டலாம் என்ற அனுமதியும் இருந்தது, போதாததற்கு அது ஓநாய்கள் இணைசேரும் மாதம். இதில் யாரும் விதியை மீறியிருக்க வேண்டியதே இல்லை, விதியே அப்படி. கோட்டா என்பது ஓர் எண் மட்டுமில்லை, அந்த எண் நிறைந்த செய்தி எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது, எவ்வளவு வேகமாகக் கதவை மூட முடிகிறது என்பதும் அதன் பகுதி. மெதுவாக வரும் தகவலோடு பொதுக் கோட்டா வைப்பதைவிட அதை வைக்காமலே இருக்கலாம் என்பேன்.

இரண்டாவது வகை தனித்தனி டேக். 119 என்றால் 119 அட்டைகள்தான் அச்சடிப்போம், சுட்டதும் உங்கள் அட்டையை விலங்கில் கட்டிவிடுங்கள், அத்தோடு உங்கள் பருவம் முடிந்தது. எல்லோருக்கும் வெற்றி கிடைக்காது என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், அந்தக் கூடுதலும் பழைய வருடங்களின் வெற்றி விகிதத்தை வைத்துத்தான். இதில் அவசரம் இல்லை, போட்டி ஓட்டம் இல்லை, தகவல் தாமதமானாலும் மொத்தம் அச்சடித்த அட்டைகளைத் தாண்டாது. ஆஸ்திரேலியாவில் வணிகத்துக்காகக் கங்காரு சுடுவதும் இந்த வகைதான். விமானத்திலிருந்து எண்ணி, பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு வரை ஒதுக்கி, எண்ணிட்ட டேக்குகள் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் மான்களுக்கு இருக்கும் சுடும் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே அது உச்சவரம்பு மட்டுமல்ல, நிறைவேற்ற வேண்டிய கடமையும்கூட, குறைவாகச் சுட்டாலும் கேள்வி வரும், ஏனென்றால் மான் பெருகினால் இளங்கன்று மரங்கள் தலையெடுக்காது.

டேக் என்றவுடன் யாருக்கு என்ற கேள்வி வந்துவிடும், குலுக்கல் அங்கிருந்து பிறக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இது ஒரு தனி உலகம். கொலராடோ போன்ற இடங்களில் ஒவ்வொரு வருடமும் கிடைக்காமல் போனால் ஒரு புள்ளி சேரும், அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கு முதல் உரிமை. நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் வரிசையில் சேருபவர்கள் டேக்கைவிட வேகமாகப் பெருகுவதால் தேவையான புள்ளியும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. பெயர்பெற்ற பகுதிகளில் இருபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், இன்று விண்ணப்பிக்கத் தொடங்கும் இளைஞருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. அரிசோனா செய்வது வேறு: புள்ளி சேரச் சேரக் குலுக்கலில் உங்கள் சீட்டுகள் கூடும், ஆனால் உறுதி குறைவு. ஐடஹோவும் நியூ மெக்சிகோவும் புள்ளியே வேண்டாம் என்று விட்டுவிட்டன, ஒவ்வொரு வருடமும் எல்லோரும் சமம். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. காத்திருப்பதற்கு வட்டி கொடுக்கும் முறை தொடங்கும்போது எல்லோருக்கும் பிடிக்கும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது, ஏனென்றால் பதினைந்து புள்ளி வைத்திருப்பவர் விடமாட்டார். விலங்கைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான், டேக் எண்ணிக்கை மாறுவதில்லை.

எந்த விலங்கு என்பதற்கு வருவோம். ஆணை மட்டும் சுடுங்கள், பெட்டையை விடுங்கள் என்பது உலகம் முழுவதும் உள்ள உள்ளுணர்வு. ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும் இனங்களில் இது ஓரளவு சரி. எங்கே உடைகிறது என்பதை சைகா இரலை காட்டியது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கொம்புக்காகக் கிடாக்களைக் கள்ளத்தனமாகச் சுட்டுத் தள்ளினார்கள் (இது விதியால் வந்த வினை இல்லை, ஆனால் கிடாவை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது). நூறு பெட்டைக்கு ஒரு கிடா என்ற அளவுக்கு விழுந்தபோது சினைப்படுவதே சரிந்தது. மிஞ்சிய சில கிடாக்களைச் சுற்றி மூத்த பெட்டைகள் இளம் பெட்டைகளை விரட்டிவிட்டன என்று 2003இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலையின் காட்டு ஆடுகளைப் பற்றியது. கொம்பு குறிப்பிட்ட வளைவைத் தொட்டால் சுடலாம் என்பது விதி. வேகமாகக் கொம்பு வளரும் கிடா இணைசேரும் வயதுக்கு முன்பே சட்டப்படி இரையாகிவிடும், மெதுவாக வளர்பவை தப்பிப் பெருகும். சில பத்தாண்டுகளில் கொம்புகள் சிறுத்தன. அளவு விதி வைத்தவர்கள் பெரிய கொம்பைப் பாதுகாக்கத்தான் வைத்தார்கள், பாவம்.

வயது விதி இதைவிட நுட்பமானது, சிங்கத்தில் அது வேலை செய்கிறது. இளம் ஆண் சிங்கத்தைச் சுட்டால் புது ஆண் வந்து குட்டிகளைக் கொல்லும், ஒரு தோட்டாவுக்கு ஒரு தலைமுறை போகும். ஆறு வயது தாண்டியவை பெரும்பாலும் குட்டிகளை வளர்த்து முடித்திருக்கும். எனவே வயது விதியைக் கறாராகப் பின்பற்றினால் எத்தனை என்ற எண்ணே பெரிதாகத் தேவைப்படாது என்று 2004இல் ஒரு கணிப்பு வந்தது. மொசாம்பிக்கின் நியாசா பகுதியில் ஆறு வயதைக் குறைந்தபட்சமாக வைத்து, இளையதைச் சுட்ட நிறுவனத்துக்கு அடுத்த வருடக் கோட்டாவைக் குறைக்கிறார்கள். மூக்கில் எவ்வளவு கருமை படர்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிக்கலாம், சுட்டபின் பல்லையும் மண்டை ஓட்டையும் வைத்துச் சரிபார்க்கலாம். தடயம் மிஞ்சுகிறது, அதுதான் வித்தியாசம். ஆனால் இது கூலி வாங்கிக்கொண்டு வரும் தேர்ந்த வழிகாட்டி இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். வார இறுதியில் வரும் ஆயிரம் பேரிடம் மூக்கின் நிறத்தைப் பார்த்துச் சுடச் சொல்ல முடியாது.

மான் அதிகமாகிவிட்ட இடங்களில் ஆண் மட்டும் விதி நேர் எதிர் விளைவைத் தரும், பெட்டைகள் பெருகிக்கொண்டே இருக்கும். பென்சில்வேனியா 2002இல் கொம்புக் கிளை மூன்றோ நான்கோ இல்லாத ஆண்களைக் காப்பாற்றி, கூடவே பெட்டைக்கான அனுமதியைக் கூட்டி வழியை மாற்றியது. சுவீடனிலும் அதன் அண்டை நாடுகளிலும் மூஸ் என்ற பெரிய மானின் வேட்டையில் பெரும் பங்கு கன்றுகள். கேட்கக் கொடூரமாகத் தோன்றும், ஆனால் நிறையக் கன்று ஈன்ற அனுபவமுள்ள தாயை விட்டுவிட்டுக் குளிர்காலத்தைத் தாண்டுமா என்றே தெரியாத கன்றை எடுப்பது மந்தைக்கு மலிவு. ஸ்காட்லாந்து 2023இல் ஆண் மான்களுக்கான தடைக்காலத்தையே எடுத்துவிட்டது, பெட்டைக்கு மட்டும் வைத்திருக்கிறது.

முழுத் தடையையும் ஒரு தேர்வாக எடுத்துப் பார்க்க வேண்டும். கென்யா 1977இல் மூடியது, இந்தியா 1972 சட்டத்தில் இருந்த வேட்டை லைசென்ஸ்களை 1991 திருத்தத்தில் நீக்கியது. இவை நிரந்தர முடிவுகள். தற்காலிகத் தடைதான் நம் ஒப்பீட்டுக்குப் பொருத்தம்: டர்ட்டில் டவ் என்னும் புறா மேற்கு ஐரோப்பாவில் வேகமாகக் குறைந்தபோது பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றிலும் 2021இலிருந்து வேட்டை நின்றது, எண்ணிக்கை சில வருடங்களிலேயே மேலே வரத் தொடங்கியது, 2025இல் சிறிய கோட்டாவோடு திறக்க வழி பிறந்தது. ஒரே பாதையில் பறக்கும் பறவைக்கு மூன்று நாடும் சேர்ந்து மூடியதால்தான் பலித்தது. ஒன்று மட்டும் மூடியிருந்தால் அங்கே தப்பியது அடுத்த நாட்டில் விழுந்திருக்கும்.

சரி, நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால்? காடை, முயல், வாத்து மாதிரி வருடத்துக்குப் பல குட்டிகள் அல்லது முட்டைகள் விடும், எப்படியும் பாதிக்கு மேல் இயற்கையாகவே செத்துப்போகும் சிற்றினங்களுக்குப் பருவமே முதல் கருவி. இனப்பெருக்கக் காலத்தைத் தாராளமாக விட்டு, தொடங்கும் தேதியில் கறாராக இருந்து, மிதமான பேக் லிமிட்டை நியாயத்துக்காக வைப்பேன். அந்த வரம்பை ஆறா ஐந்தா என்று வருடா வருடம் மாற்றிக் கூட்டம் போட்டு நேரத்தை வீணாக்க மாட்டேன், அந்தப் பணத்தைப் பறவை எண்ணுவதில் போடுவேன். கரடி, காட்டு ஆடு, சிறுத்தை வகையறா மாதிரி மெதுவாகப் பெருகும் பெரிய விலங்குக்குத் தனி டேக் தவிர வேறு பேச்சே இல்லை. குலுக்கல், புள்ளி சேர்க்காமல். பெருகிப்போன மானுக்குப் பெட்டைக்கும் குட்டிக்கும் டேக்கை மலிவாகக் கொடுத்து, ஆணுக்கு இறுக்கிப் பிடிப்பேன். வேளாண் நிலத்தை உழுதுபோடும் காட்டுப்பன்றிக்கு வரம்பே தேவையில்லை, தாய் விதி ஒன்று போதும்.

சிக்கலானது கடைசி வகை: யாரும் ஒழுங்காக எண்ணாத விலங்கு, எண்ணப் பணமும் இல்லை, ஆனால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது, நிறுத்தவும் முடியாது. இங்கே கோட்டா வைப்பது சும்மா ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதுவது, எதிலிருந்து எத்தனை விழுக்காடு என்றே தெரியாதே. பேக் லிமிட்டும் உதவாது. நான் இடத்தை மூடுவேன். பகுதியில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ வேட்டையே இல்லாத புகலிடமாக்கி, ஆறு, சாலை, மலைமுகடு மாதிரி யார் கண்ணுக்கும் தெரியும் எல்லையாக வைத்து, மீதிப் பகுதியில் குறுகிய பருவம். உள்ளே பெருகுவது வெளியே வழியும், வெளியே கணக்குத் தப்பினாலும் உள்ளே விதை மிஞ்சும். துப்பாக்கியோடு எல்லைக்கு உள்ளே நின்றாலே குற்றம் என்பதால் காவலுக்கு இரண்டு பேர் போதும். வெளியே சுட்ட ஒவ்வொரு விலங்கின் தாடையையும், பறவையானால் ஒரு சிறகையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் அடுத்த வருட லைசென்ஸ் என்று சொல்லிவிட்டால், பல்லிலிருந்து வயதும், இறகிலிருந்து வயதோடு ஆணா பெட்டையா என்பதும் தெரியும். இரண்டு மூன்று பருவத்தில் கைக்கு ஒரு கணக்கு வந்துவிடும், டேக்குக்கு மாறுவதைப் பற்றி அப்போது பேசலாம்.